11 மில்லிகிராம் வித்தியாசம்: ரேலியின் நைட்ரஜன் எடை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கண்ணாடிக் கோளம். கொள்ளளவு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிவிட்டு, மிஞ்சும் நைட்ரஜனை அதில் நிரப்பி எடை போட்டால் 2.3102 கிராம். அம்மோனியம் நைட்ரைட், யூரியா போன்ற சேர்மங்களிலிருந்து பிரித்த நைட்ரஜனை அதே கோளத்தில், அதே வெப்பநிலையில், அதே அழுத்தத்தில் நிரப்பினால் 2.2990 கிராம். இரண்டுக்கும் நடுவே 11 மில்லிகிராம். ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு, அதாவது அரை சதவீதம்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் டெர்லிங் என்ற ஊரில், தன் வீட்டு ஆய்வகத்தில் இயற்பியலாளர் ரேலி பிரபு 1892 முதல் 1894 வரை இந்த 11 மில்லிகிராமோடு மல்லுக்கட்டினார். அளவீட்டுப் பிழை என்றால் என்ன, அதை எப்படித் தேடுவது என்று யாராவது கேட்டால், நான் பாடநூலின் பிழை அத்தியாயத்துக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அரை சதவீதம் எவ்வளவு சின்னது என்பதை நம் ஆய்வக மொழியில் சொல்லிவிடுகிறேன். பருமனறி பகுப்பாய்வில், அதாவது ஒரு கரைசலின் செறிவை இன்னொன்றின் பருமனை வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனையில், பியூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து 20 மில்லி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரை சதவீதம் என்பது 0.1 மில்லி, பியூரெட்டின் ஒரே ஒரு சிறு கோடு. 20.0, 20.1, 20.0 என்று வந்தால் மாணவர்கள் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலான நேரம் நாமும் விட்டுவிடுவோம். ரேலி விடவில்லை. விடாமல் இருக்க அவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் சாரம்.

எடை போட்ட விதம்

ரேலியின் இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். 1882-இல் சவுத்தாம்ப்டனில் நடந்த பிரிட்டிஷ் சங்க (அறிவியல் வளர்ச்சிக்கான சங்கம்) கூட்டத்தில், முக்கியமான வாயுக்களின் அடர்த்தியை மறுபடி அளக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அவர் பேசினார். எல்லாத் தனிமங்களின் அணு எடையும் ஹைட்ரஜனின் முழு எண் மடங்குதான் என்று 1815-இல் ப்ரௌட் வைத்த கருத்து அப்போதும் விவாதத்தில் இருந்தது. ஹைட்ரஜன் 1 என்றால் ஆக்சிஜன் சரியாக 16-தானா? பத்து வருட உழைப்புக்குப் பிறகு ரேலிக்குக் கிடைத்த விடை 15.882. அந்தக் கேள்வி முடிந்தது. அடுத்து நைட்ரஜனை எடுத்தார்.

வாயுவை எடை போடுவது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பது ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். கோளத்தின் கொள்ளளவு சுமார் 1.84 லிட்டர். ஒரு லிட்டர் அறைக்காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். அப்படியென்றால் தராசில் தொங்கும் கோளத்தைச் சுற்றியுள்ள காற்று கிட்டத்தட்ட 2.2 கிராம் அளவுக்கு மேலே தாங்குகிறது. நாம் அளக்க வந்த வாயுவே 2.3 கிராம்தான்! வானிலை மாறிக் காற்றின் அடர்த்தி ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ எடையில் 22 மில்லிகிராம் ஆடிவிடும். நாம் பேசிக்கொண்டிருக்கும் வித்தியாசத்தைப் போல அது இரண்டு மடங்கு.

இதற்கு பிரான்சு நாட்டு ரெனோ ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தார். தராசின் மறுபக்கம் சாதாரண எடைக்கற்களை மட்டும் வைக்காமல், அதே பருமன் கொண்ட இன்னொரு மூடிய கோளத்தைத் தொங்கவிட வேண்டும். காற்று இரண்டையும் ஒரே அளவு தாங்கும். அழுத்தம், ஈரப்பதம், வெப்பநிலை எது மாறினாலும் இருபக்கமும் ஒன்றாகவே மாறும். மிதப்பைக் கணக்கிட்டுத் திருத்துவதைவிட, அது தானாகவே கழிந்துபோகும்படி சோதனையை அமைப்பது மேல்.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ரெனோ கவனிக்காததை ரேலி கவனித்தார். கோளத்தின் உள்ளிருந்து வாயுவை வெளியேற்றியதும் வெளிக்காற்று அதை அமுக்குகிறது. கண்ணாடிதானே, சுருங்குமா என்று தோன்றும். சுருங்கும், மிகக் கொஞ்சமாக. வெளிப்பருமன் குறைவதால் மிதப்பும் குறைகிறது; வெற்றுக்கோளம் உள்ளதைவிடச் சற்றுக் கனமாகத் தெரிகிறது. அதனால் வாயுவின் எடை குறைத்துக் கணக்காகிறது. இந்தத் திருத்தம் சுமார் அரை மில்லிகிராம்தான். நைட்ரஜனுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் அதே கோளத்தில் ஹைட்ரஜன் நிரம்பினால் மொத்த எடையே 165 மில்லிகிராம் அளவுதான். அங்கே அரை மில்லிகிராம் என்பது ஆயிரத்தில் மூன்று பங்கு.

வெப்பநிலைக்கு உருகும் பனிக்கட்டி. கோளத்தை அதில் புதைத்து வைத்துத்தான் வாயு நிரப்பினார். அழுத்தத்துக்கு அவர் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. பாதரச மட்டத்தை அளவுகோலில் படிப்பதற்குப் பதிலாக, இரு முனைகளும் கூரான ஓர் இரும்புத் தண்டைப் பாதரசமானியில் பொருத்தினார். மேல் முனை மேல்மட்டப் பாதரசத்தைத் தொட வேண்டும், கீழ்முனை கீழ்மட்டத்தைத் தொட வேண்டும். தண்டின் நீளம் மாறாது, ஆகவே அழுத்தமும் மாறாது. கண்ணால் கோடு படிக்கும் வேலையே இல்லை. முனை பாதரசத்தைத் தொடுகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

அரை சதவீதப் பிழை வர வேண்டுமானால் வெப்பநிலை 1.4 பாகை தவறியிருக்க வேண்டும், அல்லது அழுத்தம் 3.8 மில்லிமீட்டர் பாதரசம் தவறியிருக்க வேண்டும். உருகும் பனிக்கட்டியும் இரும்புத் தண்டும் இருக்கும் இடத்தில் இரண்டுமே நடக்காது. வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் உரிமை என்று நான் சொன்னது இதைத்தான்.

வேலை முடிந்தது என்று நினைத்த இடம்

முதலில் ரேலி பயன்படுத்தியது வேதியியலாளர் ராம்சே பரிந்துரைத்த முறை. காற்றை அம்மோனியாக் கரைசல் வழியாகக் குமிழ விட்டு, பழுக்கக் காய்ச்சிய செம்பின் மேல் செலுத்த வேண்டும். அம்மோனியாவில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிவிடும், நைட்ரஜன் மிஞ்சும். வசதியான முறை. அளவீடுகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. நைட்ரஜன் வேலை முடிந்தது என்றே அவர் நினைத்தார்.

அப்புறம் அவர் யோசித்தது இது: ரெனோ செய்தது இந்த முறையில் இல்லை, எப்படியும் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் செய்து பார்ப்பது நல்லது. அதனால் அம்மோனியாவை விட்டுவிட்டுக் காற்றை நேரடியாகச் சூடான செம்பின் மேல் செலுத்திப் பார்த்தார். இந்த வரிசையும் தனக்குள் அழகாகப் பொருந்தியது. ஆனால் முதல் வரிசையோடு பொருந்தவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல்.

இந்த நிகழ்வு முழுவதிலும் முக்கியமான கணம் இதுதான் என்பது என் கருத்து. முதல் முறையிலேயே இன்னும் நூறு தடவை எடை போட்டிருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஒரே முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒழுங்கற்ற பிழை குறையும். சராசரி இன்னும் உறுதிப்படும். முறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் முறையான பிழையோ அசையாது. பாடநூலில் நுட்பம் (அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்துவது) என்றும் துல்லியத்தன்மை (அவை உண்மை மதிப்போடு பொருந்துவது) என்றும் இரண்டு சொற்களைப் படிக்கிறோமே, அவற்றுக்கு நடுவில் உள்ள தூரம் இங்கே கிராமில் தெரிகிறது.

1892 செப்டம்பர் 29-ஆம் தேதி நேச்சர் இதழில் ரேலியின் கடிதம் வந்தது. நைட்ரஜனின் அடர்த்தி பற்றிய முடிவுகள் தன்னைக் குழப்புகின்றன, வேதியியல் தெரிந்த வாசகர்கள் காரணம் சொன்னால் நன்றி என்று எழுதினார். ஆய்வகத்தில் ஒன்று ஒத்துவராதபோது அதை அப்படியே ஊரறிய எழுதும் மனம் எத்தனை பேருக்கு வரும்? அப்போது அவர் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் பேராசிரியர் பதவியை வகித்து விட்டு வந்தவர்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் சொல்கிறேன். வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்காமல் பெரிதாக்கப் பார்த்தார். அம்மோனியா முறையில் கிடைக்கும் நைட்ரஜனில் ஏழில் ஒரு பங்குதான் அம்மோனியாவிலிருந்து வருகிறது. மீதி ஆறு பங்கும் காற்றிலிருந்து. கோளாறு அந்த ஏழில் ஒரு பங்கில் இருக்கிறது என்றால், முழுவதையும் அம்மோனியாவிலிருந்தே எடுத்தால் என்ன ஆகும்? காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனைச் செலுத்தினார். ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வித்தியாசம் இருநூறில் ஒன்றாக வளர்ந்தது. ஒரு முரண்பாட்டைப் பார்த்ததும் ஒழித்துக்கட்டத்தான் முதலில் கை போகும், ஆனால் அது தவறு, அதைப் பெரிதாக்கித்தான் காரணம் தேட வேண்டும் என்று பிற்பாடு அவரே ஓர் உரையில் சொன்னார்.

என் ஆய்வகத்தில் ஓர் அரை சதவீதம்

பல வருடங்களுக்கு முன் செய்முறைத் தேர்வுக்காக நான் ஆக்சாலிக் அமிலத் திட்டக் கரைசல் (செறிவு சரியாகத் தெரிந்த கரைசல்) தயாரித்தேன். அவசரம். படிகம் சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் சேர்த்தேன். ஒரு லிட்டர் குடுவை கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழுத்துக் கோடு வரை நீர் ஊற்றி, குலுக்கி, உடனே புட்டியில் மாற்றிவிட்டேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்த்தபோது முதல் அணியில் எல்லோருக்கும் 20.1. முப்பது பேரும் பக்கத்துப் பக்கத்து எண்களையே எழுதியிருந்தார்கள். சந்தோஷப்பட்டேன். மறுநாள் புதிதாகக் கரைத்த அமிலத்தோடு, அதே பெர்மாங்கனேட், 20.0.

"சராசரி போட்டு 20.05-னு வச்சுக்கலாமே சார்," என்றார் ஆய்வக உதவியாளர். எனக்கும் கை அதற்குத்தான் போனது. ஆனால் ஒரு நாள் முழுக்க ஒரு எண், மறுநாள் முழுக்க இன்னொரு எண் என்றால் அது கை நடுக்கம் இல்லை. தயாரித்த விதத்தை அப்படியே திரும்பச் செய்தேன், ஒரு மாற்றத்தோடு: இந்தத் தடவை கரைசலைப் புட்டியில் ஊற்றாமல் குடுவையிலேயே ஆற விட்டேன். மாலையில் பார்த்தால் நீர்மட்டம் கோட்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கீழே நின்றது. 45 பாகையில் இருக்கும் நீர் 30 பாகைக்கு ஆறினால் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். லிட்டருக்கு ஐந்தரை மில்லி. கரைசல் நான் எழுதிவைத்த செறிவைவிட அவ்வளவு அடர்ந்திருந்தது. முப்பது மாணவர்களும் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். தவறான கரைசலைச் சரியாக அளந்திருந்தார்கள்.

குறிப்பிட்ட அளவு திரவத்தை எடுத்து ஊற்றும் குழாயான பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை வாயால் ஊதித் தள்ளும் பழக்கமும் இதே வகைதான். அந்தச் சொட்டு உள்ளேயே நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஊதினால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு கூடும். மூன்று அளவீடும் கச்சிதமாகப் பொருந்தும். பெர்மாங்கனேட்டுக்குப் பிறையின், அதாவது குழாயில் வளைந்து நிற்கும் திரவப் பரப்பின், மேல்மட்டத்தைப் படிப்பது அப்படி இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மேல்மட்டத்தையே படித்தால் கழிக்கும்போது அது போய்விடும், ரெனோவின் இரண்டாவது கோளம் போல. எந்தப் பிழை கழியும், எது கழியாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒவ்வொரு சந்தேகமாக

ரேலிக்கு வருவோம். இரண்டு நைட்ரஜனில் ஒன்றில் ஏதோ கலப்படம். எதில்?

காற்று நைட்ரஜன் கனமாக இருப்பதற்குக் காரணம், அதில் ஆக்சிஜன் முழுவதும் நீங்காமல் இருப்பதாக இருக்கலாமா? ஆக்சிஜன் நைட்ரஜனைவிடக் கொஞ்சம்தான் கனம். அரை சதவீத எடை கூட வேண்டுமானால் முப்பதில் ஒரு பங்கு ஆக்சிஜன் மிஞ்சியிருக்க வேண்டும். அவ்வளவு ஆக்சிஜன் எந்தச் சோதனைக்கும் தப்பாது. ஆக, அது இல்லை.

வேதி நைட்ரஜன், அதாவது சேர்மங்களிலிருந்து எடுத்தது, லேசாக இருப்பதற்கு ஹைட்ரஜன் காரணமா? இது நியாயமான சந்தேகம். ஹைட்ரஜன் அவ்வளவு லேசு. அரை சதவீதம் கலந்தாலே போதும். ரேலி என்ன செய்தார் தெரியுமா? வேண்டுமென்றே ஹைட்ரஜனைக் கலந்து, வழக்கமான சுத்திகரிப்புக்கு அனுப்பினார். சூடான தாமிர ஆக்சைடு அதை முழுக்க எடுத்துவிட்டது, எடையில் மாற்றமில்லை. கலப்படம் என்று சந்தேகப்படும் பொருளை நாமே சேர்த்துப் பார்க்கும் இந்த உத்தியை இன்றும் பகுப்பாய்வு ஆய்வகங்களில் தினசரி செய்கிறார்கள்.

நைட்ரஜன் மூலக்கூறுகள் சில பிளந்து தனி அணுக்களாக நிற்கின்றனவோ? வாயுவை மின்னிறக்கத்துக்கு உட்படுத்தினார். அடர்த்தி மாறவில்லை. நாள்பட்டால் சேர்ந்துவிடுமோ என்று எட்டு மாதம் மூடி வைத்து மறுபடி எடை போட்டார். அப்போதும் அதே எடை.

அடுத்து ஆக்சிஜனை நீக்கும் முறையையும் நைட்ரஜன் தரும் சேர்மத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். காற்றிலிருந்து: சூடான செம்பு 2.3103, சூடான இரும்பு 2.3100, ஃபெரஸ் ஹைட்ராக்சைடு 2.3102. சேர்மங்களிலிருந்து: நைட்ரிக் ஆக்சைடு 2.3001, நைட்ரஸ் ஆக்சைடு 2.2990, அம்மோனியம் நைட்ரைட் 2.2987, யூரியா 2.2985. ஃபெரஸ் ஹைட்ராக்சைடு முறையில் சூடே இல்லை என்பதைக் கவனியுங்கள். செந்தழல் சூட்டில் ஏதோ நடக்கிறது என்ற சந்தேகமும் அதோடு போயிற்று.

தனித்தனி அளவீடுகளையும் அவர் வெளியிட்டார். இரும்பு முறையில் 1893 டிசம்பரில் எடுத்த நான்கு: 2.31017, 2.30986, 2.31010, 2.31001. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே 0.31 மில்லிகிராம். நைட்ரிக் ஆக்சைடு நான்கும் அவ்வளவு ஒழுங்கில்லை: 2.30143, 2.29890, 2.29816, 2.30182. கிட்டத்தட்ட 3.7 மில்லிகிராம் ஆடுகின்றன. அழகில்லாத இந்த நான்கையும் அவர் மறைக்கவில்லை. அவை ஆடினாலும் காற்று நைட்ரஜனின் எண்களை எட்டவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுச் சராசரி எடுத்திருந்தால் 2.305 பக்கத்தில் ஒரு எண் வந்திருக்கும். அந்த அடர்த்தி காற்று நைட்ரஜனுக்கும் இல்லை, தூய நைட்ரஜனுக்கும் இல்லை.

மிஞ்சிய குமிழி

1894 ஏப்ரலில் ராயல் சொசைட்டியில் ரேலி இதைப் படித்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் வில்லியம் ராம்சே, ரேலியின் சம்மதத்தோடு, வேறு பக்கமிருந்து தேடினார். காற்று நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். மெக்னீசியம் நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். அளவு குறையக் குறைய மிச்ச வாயுவின் அடர்த்தி ஏறியது. ஹைட்ரஜனை 1 என்று வைத்தால் நைட்ரஜன் 14. மிச்சமோ 20-ஐ நெருங்கியது. நிறமாலையில் அதுவரை எந்தப் பொருளுக்கும் குறிக்கப்படாத சிவப்பு, பச்சைக் கோடுகள்.

ரேலி தன் பக்கம் 1785-ஆம் வருடச் சோதனை ஒன்றைப் பெரிய அளவில் திரும்பச் செய்தார். ஹென்றி கேவண்டிஷ் அப்போது காற்றில் ஆக்சிஜன் சேர்த்து மின்பொறி விட்டு, உண்டாகும் வாயுவைக் காரத்தில் கரைத்து, நைட்ரஜன் முழுவதையும் தீர்க்கப் பார்த்தார். ஒரு சின்னக் குமிழி மட்டும் கரையாமல் நின்றது. மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று அவர் குறித்து வைத்தார். கிட்டத்தட்ட 110 வருடம் அந்தக் குறிப்பு அச்சில் கிடந்தது.

இருவரும் வெற்றுச் சோதனையையும் மறக்கவில்லை. புதிய வாயு காற்றிலிருந்து வருகிறதா, அல்லது சோதனையே அதை உண்டாக்குகிறதா? காற்றின் அளவைக் கூட்டினால் மிச்சமும் அதே விகிதத்தில் கூடியது. சேர்மத்திலிருந்து எடுத்த நைட்ரஜனை இதே வழியில் தீர்த்தால் மிக மிகக் கொஞ்சமே மிஞ்சியது. அதுவும் கையாண்ட நீரில் கரைந்திருந்த வாயு. வேதிவினையே இல்லாத சோதனை ஒன்றும் செய்தார்கள். புகையிலை பிடிக்கும் நீண்ட களிமண் குழாய்களின் வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். நுண்துளைகள் வழியே லேசான வாயு வேகமாகக் கசிந்து வெளியேற, உள்ளே மிஞ்சியதிலிருந்து எடுத்த நைட்ரஜன் இன்னும் கனமாக இருந்தது.

1894 ஆகஸ்டில் பிரிட்டிஷ் சங்கத்தின் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் இந்தப் புதிய வாயுவை அறிவித்தார்கள். எதனோடும் சேராத வாயு என்பதால் கிரேக்கத்தில் சோம்பேறி என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஆர்கான் என்று பெயர். 1904-இல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசு.

இப்போது நம்மிடம் உள்ள எண்களை வைத்து ஒரு சரிபார்ப்பு. உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78.084 சதவீதம், ஆர்கான் 0.934 சதவீதம். ஆக்சிஜனை நீக்கினால் மிஞ்சுவதில் ஆர்கான் 1.182 சதவீதம். ஆர்கானின் மூலக்கூறு எடை 39.948, நைட்ரஜனுடையது 28.013. கலவை தூய நைட்ரஜனைவிட 0.5036 சதவீதம் கனமாக இருக்க வேண்டும். அம்மோனியம் நைட்ரைட்டிலிருந்து ரேலி எடுத்த நைட்ரஜன் அந்தக் கோளத்தில் 2.2987 கிராம். இதோடு 0.5036 சதவீதத்தைக் கூட்டினால் 2.3103 கிராம். 1892-இல் சூடான செம்பு முறையில் அவர் எழுதிவைத்த எடையும் 2.3103.